கோல் கணக்கும் ஆட்டக்காரர் பெருமையும்

முன்னுரை

எண்ணத் தெரிந்த நாள் முதலே மனிதன் ஒப்பிடவும் தொடங்கிவிட்டான் எனலாம். யார் பெரியவர், எது சிறந்தது என்னும் வினா எழும் இடமெல்லாம் எண்கள் துணைக்கு வந்து நிற்கின்றன. விளையாட்டுக் களம் இதற்கு விலக்கன்று. அதிலும் உலகெங்கும் ஆடப்பெறும் கால்பந்தில், "எத்தனை கோல் அடித்தார்?" என்ற ஒரே கேள்வி, ஓர் ஆட்டக்காரரின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் அளந்துவிடும் முழக்கோலாக மாறியிருப்பதைக் காண்கிறோம்.

பழனிக்கு அருகே, கொடைக்கானல் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பாலசமுத்திரத்தில் மாலைப் பொழுதுகளில் இக்காட்சியைக் காணலாம். பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வீசத் தொடங்கும் வேளையில் பந்தாட்டம் முடியும். ஆடியவர்களும் பார்த்தவர்களும் தேநீர்க் கடையில் கூடுவர். அங்கே இரண்டாவது ஆட்டம் தொடங்கும். அது வாயால் ஆடும் ஆட்டம். "மெஸ்ஸிக்கு இணை யார்?" என்பான் ஓர் இளைஞன். "தொள்ளாயிரம் கோல்களைக் கடந்தவர் ரொனால்டோ" என்பான் மற்றொருவன். ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர், "பெலே ஆயிரம் கோல் அடித்தபோது நீங்கள் பிறக்கவே இல்லை, தம்பி" என்று சிரிப்பார். மூவர் வாதத்திற்கும் அடித்தளம் எண்ணே.

இந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன? எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோல் அளவுகோலானது ஏன்?

கிரிக்கெட்டில் ஓர் ஆட்டத்தில் பல நூறு ஓட்டங்கள் குவிகின்றன. கூடைப்பந்திலும் புள்ளிகள் விரைந்து ஏறுகின்றன. கால்பந்தில் அவ்வாறில்லை. தொண்ணூறு நிமிடம் இருபத்திரண்டு பேர் ஓடியும் ஒரு கோல்கூட விழாத ஆட்டங்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டு கத்தாரில் நடைபெற்ற உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 172 கோல்களே அடிக்கப்பெற்றன. அதாவது, ஓர் ஆட்டத்திற்கு மூன்று கோல்கூட இல்லை. அரிதாகக் கிடைப்பதற்கு மதிப்பு மிகுதி என்பது உலக இயல்பு. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் கோலே. எனவே அதனை அடித்தவரின் பெயர் நாளேட்டில் இடம்பெறுகிறது, நினைவில் நிற்கிறது, ஏட்டில் ஏறுகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. கோலை எண்ணுவது எளிது. பந்து கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதற்கு இரண்டே விடைகள். ஆனால், எதிரணியின் தாக்குதலை முன்கூட்டியே உணர்ந்து ஓரடி நகர்ந்து நின்ற தற்காப்பு ஆட்டக்காரரின் அறிவை எவ்வாறு எண்ணுவது? ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் கூடைகளை எண்ணுவது எளிது. அம்மரங்களுக்குக் கோடையில் நீர் இறைத்தவரின் உழைப்பை எண்ணுவது அரிது. எளிதில் எண்ணத் தக்கதே முதன்மையானது என்று நாம் மயங்கிவிடுகிறோம். இம்மயக்கமே பல வாதங்களின் வேர் ஆகும்.

எதனைக் கணக்கில் சேர்ப்பது?

கோல் கணக்கு ஐயத்திற்கு இடமில்லாத ஒன்று என்று எண்ணுவோர், பெலேயின் கணக்கை ஆராய்ந்தால் வியப்படைவர். 1969 நவம்பர் 19 அன்று ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா அரங்கில், வாஸ்கோ ட காமா அணிக்கு எதிராக ஒரு பெனால்டி வாய்ப்பைக் கோலாக்கினார் பெலே. அது அவரது ஆயிரமாவது கோல் என்று உலகமே கொண்டாடியது. அவருடைய மொத்தக் கோல்கள் 1,279 என்றும், அதற்குச் சற்று மேல் என்றும் கூறுவர். ஆனால், இத்தொகையில் சாண்டோஸ் அணி உலகைச் சுற்றி ஆடிய நட்புறவு ஆட்டங்களும், இராணுவப் பணியின்போது ஆடிய ஆட்டங்களும் அடங்கும். போட்டித் தொடர்களில் அடித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தொகை எண்ணூற்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

2020 டிசம்பரில் மெஸ்ஸி, பார்சிலோனாவுக்காகத் தம் 644-ஆவது கோலை அடித்தார். ஒரே கழகத்திற்காக 643 கோல்கள் அடித்த பெலேயின் சாதனை முறியடிக்கப்பட்டது என்று செய்தி வெளியாயிற்று. உடனே சாண்டோஸ் கழகம் மறுத்தது. நட்புறவு ஆட்டங்களையும் சேர்த்தால் பெலே தமக்காக அடித்தவை 1,091 கோல்கள் என்று அது வாதிட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவின் பெருங்கழகங்களோடு சாண்டோஸ் ஆடிய நட்புறவு ஆட்டங்கள் பெயரளவில் மட்டுமே நட்பாக இருந்தன. களத்தில் கடுமையான போட்டியாகவே இருந்தன. அவற்றை முற்றிலும் தள்ளுவது நியாயமா? எல்லாவற்றையும் கொள்வதுதான் நியாயமா? இரு பக்கத்திலும் உண்மையின் ஒரு கூறு இருப்பதை மறுக்க இயலாது.

இதனையொத்த வழக்குகள் இன்னும் பல. மெஸ்ஸி 2012-ஆம் ஆண்டில் 91 கோல்கள் அடித்து, ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 1972-இல் அடித்த 85 கோல்களை விஞ்சினார். அப்போது ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. தம் நாட்டு வீரர் காட்ஃபிரே சிட்டாலு அதே 1972-இல் 107 கோல்கள் அடித்தார் என்று சாம்பியா நாட்டுக் கால்பந்துச் சங்கம் உரிமை கோரியது. பழைய செக்கோஸ்லோவாக்கியாவின் யோசெப் பிட்சனுக்கு 805 கோல்கள் என்றனர் ஆய்வாளர். 821 என்றது செக் கால்பந்துச் சங்கம். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. எண் வானிலிருந்து விழுவதில்லை. எவரோ ஒருவர் எழுதிவைத்தால்தான் அது எண். செல்வ வளமும் செய்தித்தாள் வளமும் உள்ள நாடுகளில் ஏடு செம்மையாக இருந்தது. பிற நாடுகளின் வீரர்தம் உழைப்பு, ஏடில்லாக் குறையால் காற்றில் கரைந்தது.

இக்குறை நமக்கும் உண்டு. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெரு நாட்டிடம் 1-3 என்ற கணக்கில் தோற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்திய ஆடவர் அணி அடித்த கடைசிக் கோல் அந்த ஆட்டத்தில்தான் விழுந்தது. அதனை அடித்தவர் யார்? துளசிதாஸ் பலராம் என்கின்றன சில பதிவுகள். தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ் என்கின்றன வேறு சில. பலராமும் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவரே. எவராயினும் நமக்குப் பெருமையே. ஆயினும் ஒரு நாட்டின் இறுதி ஒலிம்பிக் கோலைக்கூட இருவர் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

எவருக்கு எதிராக? எச்சூழலில்?

கணக்கு சரியாகவே இருக்கிறது என்று கொள்வோம். எல்லாக் கோல்களும் ஒரே எடையுடையவையா?

2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியா, அமெரிக்க சமோவா என்னும் சின்னஞ்சிறு தீவு அணியை 31-0 என்று வென்றது. ஆர்ச்சி தாம்சன் என்பவர் தனியொருவராக 13 கோல்கள் அடித்தார். ஒரே பன்னாட்டு ஆட்டத்தில் இத்தனை கோல்களைப் பெலேயும் அடித்ததில்லை, மரடோனாவும் அடித்ததில்லை. ஆனால், அதனைக் கொண்டு தாம்சனை அவர்களுக்கு மேலாக வைப்பார் எவருமிலர். எதிர்நின்றவரின் வலிமையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை நம் உள்ளம் இயல்பாகவே அறியும். வாதத்தில் வெல்ல வேண்டும் என்ற வேகம் வரும்போதுதான் அவ்வறிவு மறைந்துவிடுகிறது.

நம் நாட்டின் சுனில் சேத்ரியைப் பற்றிய வாதம் இங்கே கருதத் தக்கது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி அவர் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது, அவர் பெயரில் 94 கோல்கள் இருந்தன. ஆடவர் பன்னாட்டு ஆட்டங்களில் ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, மெஸ்ஸி ஆகிய மூவருக்கே அவர் பின்னிருந்தார். 2025 மார்ச்சில் மீண்டும் களமிறங்கி மாலத்தீவுக்கு எதிராக 95-ஆவது கோலையும் அடித்தார். இப்பட்டியலைக் காட்டி, "சேத்ரி உலகின் தலைசிறந்தவர்களுள் ஒருவர்" என்று சிலர் பெருமிதம் கொள்கின்றனர். "தெற்காசியச் சிற்றணிகளுக்கு எதிராக அடித்தவை ஒரு கணக்கா?" என்று வேறு சிலர் ஏளனம் செய்கின்றனர்.

இரண்டுமே முழுமையற்ற தீர்ப்புகள் என்பது நம் கருத்து. சேத்ரியின் எதிரணிகளுள் பல வலிமை குன்றியவை என்பது உண்மை. ஆனால், அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்த அணியும் பார்சிலோனா அன்று. 2011 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராக அவர் கோல் அடித்தார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை இந்தியா 4-1 என வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தளர்ந்த அணியையும் தோளில் சுமந்து அவர் கோல் அடித்துக்கொண்டே இருந்தார். மெஸ்ஸிக்கு இணை என்று சொல்ல அந்த எண் போதாது. இந்தியக் கால்பந்தின் ஒரு தலைமுறையைத் தாங்கிய தூண் என்று சொல்ல அது போதும், மிகவும் போதும். எண் ஒன்றே. நாம் அதனிடம் கேட்கும் கேள்வியைப் பொறுத்து அதன் விடை மாறுகிறது.

காலமும் ஓர் எடைக்கல் ஆகும். 1954 உலகக் கோப்பையில் 26 ஆட்டங்களில் 140 கோல்கள் விழுந்தன. ஆட்டத்திற்கு ஐந்துக்கு மேல். 1990-இல் 52 ஆட்டங்களில் 115 கோல்களே. ஆட்டத்திற்கு இரண்டுக்குச் சற்று மேல். தற்காப்பு முறைகள் இறுகின, பயிற்சி வளர்ந்தது. பிரான்சின் ஜஸ்ட் ஃபோன்டெயின் 1958-இல் ஆறே ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே நான்கு உலகக் கோப்பைகளில் 24 ஆட்டங்கள் ஆடி 16 கோல்கள் சேர்த்தார். இவ்விருவருள் எவர் பெரியவர் என்பதற்கு எண் மட்டும் விடை கூறாது. ஒன்று வெள்ளம்போல் பாய்ந்த ஆண்டின் கணக்கு. மற்றொன்று ஊற்றுப்போல் பன்னிரண்டு ஆண்டுகள் வற்றாதிருந்த கணக்கு.

உலக அளவில் பன்னாட்டுக் கோல்களின் உச்சம் யாருடையது என்று கேட்டால் பெரும்பாலோர் ரொனால்டோ என்பர். ஆனால், கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர் தம் நாட்டுக்காக 190 கோல்கள் அடித்து 2023-இல் ஓய்வு பெற்றார். உலகக் கோப்பைகளில் குளோசேயின் 16-ஐயும் தாண்டி 17 கோல்கள் அடித்தவர் பிரேசிலின் மார்த்தா. பெண்கள் என்பதால் இவர்கள் தேநீர்க் கடை வாதத்தில் பெயரளவிலும் இடம்பெறுவதில்லை. எண்ணையே நம்புகிறோம் என்போரும் தமக்கு வேண்டிய எண்ணை மட்டுமே நம்புகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எண்ணில் அடங்காதவர்

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். இந்தியா தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. கோல் அடித்தோர் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் என்று ஏடு கூறுகிறது. ஏடு கூறாதவை பல. ஜர்னைல் சிங் இயல்பில் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். தலையில் காயம்பட்டிருந்த அவரை முன்களத்தில் நிறுத்திய துணிவு பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவர்களுடையது. ஹைதராபாத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர் ரஹீம். 1951-இலும் 1962-இலும் ஆசியத் தங்கத்தை இந்தியாவுக்குப் பெற்றுத் தந்த அவர், புற்றுநோயால் 1963 ஜூனில் மறைந்தார். அவர் பெயரில் அந்த இறுதி ஆட்டத்தின் கணக்கில் ஒரு கோலும் இல்லை. ஆனால், அவர் இன்றி அவ்வெற்றி இல்லை.

அன்று கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி உருவான தமிழர். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். கோல்காப்பாளரின் பெருமை, விழாத கோல்களில் உள்ளது. நடவாத ஒன்றை எந்தப் பட்டியலில் எழுதுவது? உலகளவிலும் இதே நிலைதான். சிறந்த ஆட்டக்காரருக்கு 1956 முதல் வழங்கப்பெற்றுவரும் தங்கப் பந்து விருதை, இதுவரை ஒரே ஒரு கோல்காப்பாளரே பெற்றுள்ளார். அவர் சோவியத் நாட்டின் லெவ் யாஷின், ஆண்டு 1963. தற்காப்பு ஆட்டக்காரர்களுள் அவ்விருது பெற்றோரும் மிகச் சிலரே. 2006-இல் இத்தாலியின் கன்னவாரோ அதனைப் பெற்றது வியப்புச் செய்தியாகவே பேசப்பட்டது.

மரடோனாவை எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினாவுக்காக 91 ஆட்டங்களில் அவர் அடித்தவை 34 கோல்களே. 1986 உலகக் கோப்பையில் மிகுதியான கோல் அடித்தவர் அவர் அல்லர். ஆறு கோல்கள் அடித்த இங்கிலாந்தின் கேரி லினேக்கர். மரடோனா ஐந்து கோல்கள் அடித்தார். மேலும் ஐந்து கோல்களுக்குப் பந்து தந்தார். அக்கோப்பையை மரடோனாவின் கோப்பை என்றே உலகம் அழைக்கிறது. அதே தொடரில் ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த இரு கோல்களை நினைவுகூர்வோம். ஒன்று கையால் தட்டியது. நடுவர் கண்ணுக்குத் தப்பியது. மற்றொன்று, தம் பக்கப் பாதியிலிருந்து எதிரிகளைக் கடந்து கடந்து ஓடி அடித்தது. பட்டியலில் அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று. கூட்டல் குறிக்கு இரண்டும் சமம். கண்டவர் நெஞ்சுக்குச் சமமாகுமா?

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இவ்வுண்மையை அண்மைக் காலத்தில் மீண்டும் உணர்த்தியது. பிரான்சின் எம்பாப்பே அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். தொடர் முழுவதிலும் எட்டுக் கோல்களுடன் தங்கக் காலணியைப் பெற்றார். ஏழு கோல்கள் அடித்த மெஸ்ஸிக்கே தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து கிடைத்தது. அதிகக் கோல் அடித்தவர் என்பதும் சிறந்தவர் என்பதும் இரு வேறு தகுதிகள் என்பதற்காகவே அங்கு இரு வேறு பரிசுகள் வைத்துள்ளனர்.

நம் அண்டை நகரான கோவையில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2018-19 ஐ-லீக் தொடரில் சென்னை சிட்டி அணி கோவையைத் தன் களமாகக் கொண்டு ஆடியது. அதன் முன்கள வீரர் பெட்ரோ மான்சி அத்தொடரில் 21 கோல்கள் அடித்தார். எல்லார் வாயிலும் அவர் பெயரே. 2019 மார்ச் 9 அன்று இறுதிச் சுற்று. ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளி பின்தங்கித் துரத்திக்கொண்டிருந்தது. மினர்வா பஞ்சாப் அணி முதலில் கோல் அடித்து முந்தியது. மான்சி பெனால்டி மூலம் சமன் செய்தார். அதன்பின் வெற்றிக்குரிய இரு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா என்னும் தற்காப்பு ஆட்டக்காரர். 3-1 என வென்று, ஒரு புள்ளி வேறுபாட்டில் கோப்பை கோவைக்கு வந்தது. மான்சியின் 21 கோல்கள் இன்றி அந்நாளுக்கு அணி வந்திருக்காது. போராவின் இரண்டு இன்றி அந்நாளைக் கடந்திருக்காது.

எண்ணைப் பழிக்கலாமா?

இவ்வளவும் கூறியதால் எண்களை நாம் வெறுக்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. எண் இல்லாத இடத்தில் செல்வாக்கு வந்து அமர்ந்துகொள்ளும். "அவன் நம் பையன், நன்றாக ஆடுவான்" என்ற பரிந்துரையைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எண்ணுக்கு உண்டு. பெருநகரத் தேர்வாளர் கண்ணில் படாத மலையடிவாரச் சிற்றூர் இளைஞனுக்கு, அவன் அடித்த கோல்களின் கணக்கே அறிமுகக் கடிதம். பேச ஆளில்லாதவனுக்காக எண் பேசுகிறது.

நெவில் டிசோசாவை நினைத்துப் பார்ப்போம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. இந்தியா அத்தொடரில் நான்காம் இடம் பெற்றது. அந்த ஆட்டத்தை நேரில் கண்டோர் இன்று அரிது. ஏட்டில் உள்ள அந்த '3' என்ற எண்ணே அவரை மறதியிலிருந்து காத்து நிற்கிறது.

அண்மைக் காலத்தில் எண்ணும் கலை நுட்பமாக வளர்ந்துள்ளது. கோலுக்குப் பந்து தந்தவரையும் கணக்கில் கொள்கின்றனர். பெனால்டி கோல்களைப் பிரித்துக் காட்டுகின்றனர். ஆடிய நிமிடங்களால் கோல்களை வகுத்துப் பார்க்கின்றனர். 'எதிர்பார்க்கப்படும் கோல்' என்னும் புதிய அளவும் வந்துள்ளது. ஓரிடத்திலிருந்து, ஒரு கோணத்தில் அடிக்கப்பெறும் பந்து கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை, முன்னர் நிகழ்ந்த ஆயிரக்கணக்கான அடிகளைக் கொண்டு கணிப்பதே அது. பெனால்டி என்றால் பத்தில் ஏழு எட்டு கோலாகும். நெடுந்தொலைவு அடி என்றால் பத்தில் ஒன்றுகூட ஆகாது. இதனால், நல்ல வாய்ப்புகளை வீணாக்கியவர் யார், கடினமான வாய்ப்புகளைக் கோலாக்கியவர் யார் என்பது தெளிவாகிறது.

எனினும் இப்புதிய அளவுகளும் பந்தைத் தொட்டவரையே பெரிதும் பின்தொடர்கின்றன. தாம் ஓடித் தற்காப்பாளரை இழுத்துச் சென்று, தோழனுக்கு வெற்றிடம் உண்டாக்கித் தந்தவரின் ஓட்டம் எளிய கணக்கில் இன்றும் அகப்படுவதில்லை. எண் நல்ல சாட்சி. ஆனால், அது நீதிபதி அன்று. சாட்சியிடம் வினவ வேண்டும். குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். தீர்ப்பை அறிவே வழங்க வேண்டும்.

நம் குறிப்பேட்டின் குறை

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் கூறுவது கடமையாகும். சில ஆண்டுகளுக்கு முன், மலையடிவார ஊர் ஒன்றில் நடந்த சிறிய போட்டியில் ஆட்டக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. தேதி, அணிகளின் பெயர், கோல் அடித்தவர், நிமிடம் என நான்கு பத்திகள் இட்டிருந்தோம். இறுதி நாளில் சிறந்த ஆட்டக்காரர் பரிசுக்கு யார் என்று பெரியவர்கள் கேட்டனர். நாம் குறிப்பேட்டைப் புரட்டினோம். ஆறு கோல்கள் அடித்த ஓர் இளைஞனின் பெயரைச் சொன்னோம். அவற்றுள் ஐந்து, முதல் சுற்றில் புதிதாக ஆட வந்திருந்த சிறுவர் அணிக்கு எதிராக அடித்தவை. அதை நாம் சொல்லவில்லை; எவரும் கேட்கவுமில்லை.

வென்ற அணியின் பின்களத்தில் ஓர் இளைஞன் ஆடினான். நான்கு ஆட்டங்களிலும் அவன் அணி வாங்கியது ஒரே ஒரு கோல். பரிசளிப்பு முடிந்ததும் கைதட்டிவிட்டு, வலையைக் கழற்றி மடித்து வைக்க உதவிவிட்டுப் போனான். மறு ஆண்டு அவன் ஆட வரவில்லை. வழியில் கண்டபோது காரணம் கேட்டோம். சற்றுத் தயங்கி, "ஐயா, உங்கள் குறிப்பேட்டில் என் பெயர் எங்கும் இல்லையே" என்றான். அதில் சினம் இல்லை, உள்ளதைச் சொன்னான். உண்மையில் இல்லைதான். நான்கு ஆட்டங்கள் ஓடியாடிய ஒருவனின் பெயர் நம் ஏட்டில் ஒருமுறைகூட எழுதப்படவில்லை. தவறு அவ்விளைஞன்மீதும் இல்லை. ஆறு கோல் அடித்தவன்மீதும் இல்லை. நான்கு பத்திகளோடு நிறுத்திக்கொண்ட நம் மீதே உள்ளது.

அதன்பின் அக்குறிப்பேட்டை மாற்றினோம். இப்போது அதில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இரு அணிகளின் பதினொருவர் பெயரும் முதலில் எழுதப்படுகின்றன. கோல் அடித்தவர் பெயருக்கு அருகே பந்து தந்தவர் பெயர் உண்டு. பெனால்டி எனில் தனிக் குறி. கோல்காப்பாளர் தடுத்தவை எத்தனை, கோட்டருகே பந்தை விலக்கியவர் யார் என்பவற்றுக்கும் பத்திகள் உள்ளன. இறுதியாக, தோற்ற அணியின் தலைவரிடம், "எங்களுள் உங்களுக்கு மிகுந்த தொல்லை தந்தவர் யார்?" என்று கேட்டு அவர் விடையையும் எழுதுகிறோம். இக்கடைசிப் பத்தியில் பெரும்பாலும் கோல் அடித்தவரின் பெயர் வருவதில்லை என்பதை இங்குக் குறிப்பிடல் வேண்டும்.

முடிவுரை

குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுமாறு 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் வழிகாட்டுகிறார். ஒன்றை மட்டும் எண்ணி முடிவு செய்க என்று அவர் கூறவில்லை. பெலே பெரியவரா, மெஸ்ஸி பெரியவரா, ரொனால்டோ பெரியவரா என்னும் வாதம் நாளையும் தொடரும், தொடரட்டும். வாதம் விளையாட்டின் சுவையைக் கூட்டும். ஆனால், வாதிடும்போது நான்கு வினாக்களை உடன் வைத்துக்கொள்வோம்: இந்த எண்ணை எழுதியவர் யார்? எவற்றைச் சேர்த்தார், எவற்றை விட்டார்? எவருக்கு எதிராக, எக்காலத்தில் அடிக்கப்பெற்றது? அந்தக் கோலுக்கு முன் பந்து யார் யார் காலில் இருந்தது?

மாணவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மதிப்பெண் பட்டியலும் ஒரு கோல் கணக்கே. அதனை இகழ வேண்டா. அதுவே யாவும் என்று மயங்கவும் வேண்டா. ஆசிரியர்களுக்கும் பெரியோர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் ஊரில், உங்கள் கல்லூரியில் ஒரு சிறு போட்டி நடந்தாலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். அதில் பதினொருவர் பெயரையும் எழுதுங்கள். வலையை மடித்து வைத்துவிட்டுப் போன அந்த இளைஞன் என்றேனும் ஒருநாள் அதைப் புரட்டிப் பார்க்கக்கூடும்.